மானம் என்பது எது?

லயத்தில் நாம் அடிக்கடி சொல்வது: "மானம் போச்சு!" கடன்பட்டாவது கலியாண விருந்து வைக்காவிட்டால் மானம் போச்சு. ஏசினவனைத் திருப்பி அடிக்காவிட்டால் மானம் போச்சு. அப்படியென்றால் நம் மானம் ஊர் வாயிலா இருக்கிறது?

1983 ஜூலையை நினைத்துப் பார்ப்போம். 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை எங்கும் பரவியது. கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி எரித்தன. பழிக்குப் பழிதான் மானம் என்று எண்ணுகிறவர்கள் எந்த இனத்திலும் உண்டு.

அதே கொழும்பில், அயல்வீட்டுத் தமிழரை உள்ளே கூப்பிட்டு ஒளித்து வைத்த சிங்களக் குடும்பங்களும் பல. விசயம் வெளியே தெரிந்தால் தங்களுக்கும் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும். கைதட்டவும் ஆளில்லை. அநேகருடைய பெயர் இன்றும் வெளியே தெரியாது. ஆனால் அந்த நாட்களில் மானத்தோடு நடந்தவர்கள் அவர்கள்தான்.

ஆகவே மானம் என்பது ஊர் மெச்சுவதல்ல. நமக்கு நட்டம் வந்தாலும், யாரும் பார்க்காவிட்டாலும், நம்பி வந்தவரைக் கைவிடாமல் இருப்பதே மானம்.

நமக்கும் வாசல் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் புருசனுக்குப் பயந்து அடுத்த காம்பராப் பெண் இரவில் ஓடி வருகிறாள். "அது அவங்க குடும்ப விசயம்" என்று கதவைச் சாத்துவோமா, திறப்போமா? இதை வீட்டிலும் லயத்திலும் கூடிப் பேசுவோம்.