ஃப்ரிட்ஜ் ஓடுது... ஆனா குளிருதா?

காலையில் வாங்கிய பால் சாயங்காலமே திரிந்துவிட்டதா? பால்காரரைக் கோபித்துக்கொள்ளும் முன் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் கவனியுங்கள். விளக்கு எரிகிறது, மோட்டார் சத்தம் கேட்கிறது என்பதால் மட்டும் அது ஒழுங்காகக் குளிர்கிறது என்று அர்த்தமில்லை!

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் ஃப்ரிட்ஜுக்கு வேலை அதிகம். மலையடிவாரம்தான் என்றாலும் சித்திரை, வைகாசி வெயில் சும்மா விடாது. புரட்டாசி சனிக்கிழமை வந்தால், 'தென் திருப்பதி' என்று சொல்லப்படும் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைச் சேவிக்க உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். பால், தயிர், இட்லி மாவு, மீந்த சாம்பார், ஊருக்குக் கொண்டுபோகப் பால்கோவா என்று உள்ளே இடமே இருக்காது. கதவோ நிமிஷத்துக்கு ஒரு தரம் திறக்கும்.

ஆபத்து எங்கே?

5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் கிருமிகள் வேகமாகப் பெருகும். "நல்லா கொதிக்க வெச்சா சரியாயிடும்" என்பது முழு உண்மையல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, கொதித்தாலும் அழியாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களை இது அதிகம் பாதிக்கும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அது உறைந்தாலும் கெட்டுவிடும்.

முதலில் ஒரு சோதனை

ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 4 டிகிரியோ, சற்றுக் குறைவாகவோ இருந்தால் நல்லது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அதன் கணக்கே 35 டிகிரி வாக்கில்தான் ஆரம்பிக்கும்.

நீங்களே பார்க்கக்கூடியவை

1. திருகு: அதிலுள்ள எண் டிகிரி அல்ல. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் எண் கூடக் கூடக் குளிர் கூடும். வெயில் காலத்தில் ஒரு படி ஏற்றுங்கள்.

2. கதவு ரப்பர்: ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. சோப்புத் தண்ணீரால் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் மாற்றுங்கள்.

3. பின்பக்கம்: உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வேண்டும். சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். கம்பிவலை வெளியே தெரிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் தட்டுங்கள்.

4. ஐஸ் பாறை: சிங்கிள் டோரில் மேலே ஐஸ் மலைபோல் இருந்தும் கீழே குளிரவில்லையா? அந்த ஐஸே குளிரைத் தடுக்கிறது. கரைய விடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள்; குழாய் ஓட்டையானால் பெரிய செலவு!

5. காற்றுத் துவாரம்: ஐஸ் கட்டாத ரகங்களில் குளிர்காற்று துவாரம் வழியாகத்தான் கீழே வரும். பாத்திரத்தால் அடைக்காதீர்கள். அடைப்பில்லாமலும் மேலே மட்டும் குளிர்ந்தால் உள்விசிறியோ, ஐஸ் கரைக்கும் ஹீட்டரோ பழுதாகியிருக்கலாம்.

மெக்கானிக் வேலை

மோட்டார் 'டிக்' என்று கிளம்பி உடனே நின்றால் ரிலேயோ, குறைந்த மின்னழுத்தமோ காரணமாக இருக்கலாம். ஓயாமல் ஓடியும் மேலும் கீழும் குளிரவில்லை என்றால் காஸ் கசிவைச் சந்தேகியுங்கள். "காஸ் தீர்ந்துபோச்சும்மா, நிரப்பிடலாம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அது சமையல் சிலிண்டர் மாதிரி தீர்கிற பொருளல்ல; மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அதை அடைக்காமல் நிரப்பினால் பணம் காற்றோடு போகும். இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ காஸ் தீப்பற்றக்கூடியது. அந்த வேலை தெரிந்தவரையே கூப்பிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கரண்ட் போனால்...

கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போய், உள்ளே சூடேறியிருந்தால் பால், கறி, குழம்பை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசனை மாறாமலேயே உணவு கெட்டிருக்கலாம். ஒரு சட்டிக் குழம்பு போனால் போகட்டும், ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம்தானே!