லிண்ட்ஸ்மித்தின் போதைமருந்து ஆய்வும் அமெரிக்கச் சட்டமும்

போதைமருந்துக்கு அடிமையானவன் குற்றவாளியா, நோயாளியா என்னும் வினா குற்றவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருவதாகும். சட்டநூல்களைப் புரட்டாமல், அடிமைப்பட்டோரையே நேரிற்கண்டு உரையாடி இதற்கு விடை தேடியவர் பேராசிரியர் ஆல்ஃபிரட் லிண்ட்ஸ்மித் (1905-1991). சிகாகோவில் குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லாந்திடம் பயின்ற இவர், 1936 முதல் நாற்பதாண்டுகள் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார்.

இவருடைய ஆய்வுநெறி மாணவர் கூர்ந்து நோக்கற்குரியது. முரணான சான்று ஒன்றே ஒன்று கிட்டினும் அதனை விதிவிலக்கென ஒதுக்கலாகாது. கருதுகோளையே திருத்த வேண்டும் என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட வரையறை. தாம் பெறுவது இன்ன மருந்தென்று அறிந்தவரே அடிமையாவர் என அவர் முதலிற் கருதினார். பல வாரங்கள் மார்பின் பெற்றும், அதனை நன்கு அறிந்திருந்தும், அடிமையாகாத மருத்துவர் ஒருவர் எதிர்ப்பட்டார். அவ்வொருவரால் அக்கருதுகோள் வீழ்ந்தது. மருந்து நின்றதும் எழும் உடல்வேதனைக்கு மருந்தின்மையே காரணமென உணர்ந்தோரே அடிமையாவர் என மாற்றினார். அவ்வாறு உணர்ந்தும் அடிமையாகாதவர் உளர் எனக் கண்டபின், அவ்வேதனையைத் தணிக்கவென்றே மீண்டும் மருந்தை நாடுவோர் என மேலும் திருத்தினார். மருத்துவமனையில் தம்மை அறியாமலே மார்பின் பெற்று, பின்வரும் வேதனையை நோயின் எச்சமென்று எண்ணி வீடு திரும்புவோர் அடிமையாகாமைக்குக் காரணம் இக்கோட்பாட்டால் விளங்கும். இவ்வாய்வு 1947இல் நூலாயிற்று.

இதனாற் பெறப்படுவது யாது? அடிமைப்பட்டவன் இன்பம் நாடியன்று, வேதனைக்கு அஞ்சியே மருந்தைத் தேடுகிறான். அவனைச் சிறையச்சம் தடுக்குமென எதிர்பார்ப்பது பேதைமை.

அமெரிக்கச் சட்டமோ வேறு வழியிற் சென்றது. 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் பெயரளவில் வரிச்சட்டமே. அடிமைத்தனத்தைத் தொடர்வதற்கென்றே மருந்து எழுதித் தருவது மருத்துவமாகாது என உச்சநீதிமன்றம் 1919இல் கூறியபின், மருத்துவரும் வழக்குகளுக்கு ஆளாயினர். 1951ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சச் சிறைத்தண்டனையைக் கட்டாயமாக்கியது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிறாருக்கு ஹெராயின் விற்போர்க்கு மரணதண்டனைக்கும் இடந்தந்தது. 1930 முதல் 1962 வரை கூட்டாட்சிப் போதைமருந்துப் பணியகத்தின் தலைவராயிருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கர் இக்கடுமையின் காவலர். இதனைக் கட்டுரைகளில் மறுத்தெழுதிய லிண்ட்ஸ்மித்தைப் பணியகம் கண்காணித்தது, பல்கலைக்கழகத்தாரிடமும் குறைகூறியது. எனினும் அவர் அங்கேயே பணியாற்றி ஓய்வுபெற்றார் என்பது பல்கலைக்கழகத்துக்கும் பெருமை.

வழக்கறிஞர், மருத்துவர் சங்கங்களின் கூட்டுக்குழு அறிக்கை 1961இல் இந்தியானாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தபோது, முன்னுரை எழுதியவர் இவரே. அடிமையாயிருத்தல் ஒன்றையே குற்றமாக்கித் தண்டிப்பது அரசமைப்புக்கு முரண் என உச்சநீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வரலாற்றையும் விளைவுகளையும் விரித்துரைக்கும் அவரது நூல் 1965இல் வெளிவந்தது.

அவர் கோட்பாட்டிற்கு எல்லையும் உண்டு. அபின்வகை மருந்துகளுக்குப் பொருந்துமளவு அது கோக்கெயினுக்குப் பொருந்தாது. அடிமைப்பட்டவன் விட்டொழித்தாலும் மீள்வது இயல்பென்றார் அவர். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகித் தாயகம் திரும்பிய படைவீரருட் பெரும்பாலோர் அதனைக் கைவிட்டதை லீ ராபின்ஸ் 1974இல் காட்டினார். லிண்ட்ஸ்மித் தம் நூலைத் திருத்திப் பதிப்பித்தது அதற்கு ஆறாண்டுகள் முன்னர், 1968இல்.