களத்தை ஆளும் கலை

நுழையும்முன்

திரைக்கலை பலர் கூடி இழுக்கும் தேர். வடம் பிடித்தோர் ஒருசேர இழுத்தால்தான் அது நிலைசேரும். பொருளும் பட்டறிவும் குறைந்த மாணவர் படப்பிடிப்புக்கு இவ்வொழுங்கு மிகவும் இன்றியமையாதது.

முன்னோர் வகுத்த வழி

சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டு தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களை உருவாக்கியது. நேரந்தவறாமைக்கும் கண்டிப்புக்கும் அது பெயர்பெற்றது. பின்னாளில், சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்றோர் ஒன்றிணைந்து 1986இல் 'ஊமை விழிகள்' படத்தை வழங்கினர். ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கிய அப்படத்தின் வெற்றி, கூட்டுழைப்பு இருப்பின் புதியவராலும் பெரும்படைப்பு இயலும் என்பதை மெய்ப்பித்தது.

களம் அறிதல்

கள்ளக்குறிச்சி மாவட்டம் மூங்கில்துறைப்பட்டில் மாணவர் குழுவொன்று குறும்படம் எடுப்பதாகக் கொள்வோம். தென்பெண்ணையாறும் கரும்பு வயல்களும் சர்க்கரை ஆலையும் அங்குக் கண்ணுக்கு விருந்தாகும். ஆயினும், அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிவரும் வண்டிகளின் இரைச்சல் உரையாடல் பதிவைக் கெடுக்கும். சாத்தனூர் அணை திறக்கப்பட்டால் ஆற்றில் நீர் விரைந்து உயரும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் அணையிலிருந்து வெளியேற்றப்பட்ட பெருவெள்ளம் கரையோர ஊர்கள் பலவற்றைச் சூழ்ந்தது. எனவே, படமெடுக்கவுள்ள அதே வேளையில் முன்னதாகவே களத்திற்குச் சென்று ஒளியின் திசையையும் ஓசையையும் குறித்தல் வேண்டும். உரிய அனுமதி பெறுதலும் நீர்த்திறப்பு அறிவிப்பை அறிதலும் கடமையாகும்.

பொறுப்பும் குரலும்

இயக்குநர் நடிப்பிலும் காட்சியிலும் கருத்தூன்ற, உதவி இயக்குநர் நேரத்தையும் ஆட்களையும் கவனிப்பார். பலர் ஆணையிட்டால் பணி நடவாது. ஆதலால் கட்டளை ஒருவர் வாயிலாகவே வருதல் வேண்டும். ஓரிடத்துக் காட்சிகளைக் கதைவரிசை நோக்காது அடுத்தடுத்து எடுத்தால், கருவிகளை இடம் மாற்றும் நேரம் மிஞ்சும். அவ்வாறு வரிசை மாறுவதால், உடை, ஒப்பனை, கைப்பொருள் ஆகியவற்றின் தொடர்ச்சியை ஒருவர் எழுதிவர வேண்டும். உணவும் ஓய்வும் உரிய நேரத்தில் கிடைத்தால்தான் குழுவினரிடம் பொறுமை நிலைக்கும்.

உயிரே முதன்மை

பொழுது சாய்கிறது, ஒரு காட்சி எஞ்சியுள்ளது, ஆற்றில் நீர் ஏறுகிறது. அந்நிலையில் 'நிறுத்துக' என்று கூறும் உரிமை குழுவின் இளைய உறுப்பினருக்கும் உண்டு. ஒரே குரல் என்னும் விதிக்கு இஃதொன்றே விலக்கு. தவறிய காட்சியை மறுநாள் எடுக்கலாம். தவறிய உயிரை மீட்க இயலாது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கு ஒருநாள் படப்பிடிப்பு நடத்துவதற்கான நேரப்பட்டியலையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக.