செத்த மாட்டைத் தின்ற கழுகு ஏன் செத்தது?

முன்பெல்லாம் மாடு செத்தால் தோலை உரித்துவிட்டு ஊருக்கு வெளியே போட்டுவிடுவார்கள். மிச்சத்தைக் கழுகுக் கூட்டம் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். பாறு என்றும் பிணந்தின்னிக் கழுகு என்றும் அழைக்கப்படும் இந்தப் பறவை இன்று உலகிலேயே மிக வேகமாக அருகிய பறவைகளுள் ஒன்று. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992ல் ஆயிரம் இருந்தது என்றால் 2007ல் மிஞ்சியது ஒன்று. திருக்கழுக்குன்றம் மலையில் உச்சி வேளையில் சோறு உண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகளும் 1990களுக்குப் பின் வருவதில்லை.

ஏதோ தொற்று வியாதி என்றுதான் முதலில் எண்ணினார்கள். பூச்சிமருந்தின் மேலும் சந்தேகம் விழுந்தது. பாகிஸ்தானில் செத்த கழுகுகளை லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நிபுணரின் குழு அறுத்துப் பார்த்து, 2004ல் உண்மையை வெளியிட்டது. ஈரல், இருதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டதன் அடையாளம் அது. காரணம், மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோபினாக் ஊசி. மடிவீக்கம், காய்ச்சல், கால் நொண்டல் என்று எதற்கும் போட்டார்கள்; விலை மலிவு என்பதால் மூலை முடுக்கெல்லாம் பரவியது.

ஊசி போட்ட மாடு பிழைத்துக்கொண்டால் சில நாளில் மருந்து உடலை விட்டுப் போய்விடும். ஓரிரு நாளில் செத்தால்தான் இறைச்சியில் விஷம் நிற்கும். நூறு பிணத்தில் ஒன்றுகூட அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரு பிணத்தில் ஐம்பது, அறுபது கழுகுகள் ஒன்றாக உட்காருமே! கழுகோ வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு இனப்பெருக்கத்துக்கு வர ஐந்து வருஷம் ஆகும். இழப்பை எப்படி ஈடுகட்டும்?

2006ல் மத்திய அரசு கால்நடைக்கு டைக்ளோபினாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதருக்கான பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை. அதனால் 2015ல் மனிதருக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி அளவுக்கு மேல் அடைக்கக் கூடாது என்றார்கள். அசிக்ளோபினாக் என்ற மருந்து மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோபினாக்காகவே மாறுகிறது. அதுவும் கீட்டோபுரோபெனும் 2023ல் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. நிமிசுலைடு 2024 இறுதியில் தடையாயிற்று. மாற்று மருந்துகள் உண்டு. மெலாக்சிகாம், டோல்பினாமிக் அமிலம் இரண்டும் கழுகுக்குக் கேடில்லை என்று சோதித்து அறியப்பட்டவை. மாட்டின் எடைக்கு ஏற்ற அளவைக் கால்நடை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"திருத்தணிப் பக்கம் கழுகே இல்லையே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழகத்தில் கழுகுகள் முக்கியமாக மிஞ்சியிருப்பது முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில். தமிழகம், கர்நாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பரில் எண்ணியபோது கிடைத்தவை 320. ஆனால் ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய பறவை அது. சந்தையில் விற்ற மாடு எந்த ஊரில் போய்ச் சாகும் என்பதும் யாருக்கும் தெரியாது. மேலும், ராஜஸ்தானில் வேறு வகைக் கழுகுகளும் இதே மருந்தால் செத்திருக்கின்றன. பாறுகள் குறைந்தபின் பிணங்களைத் தின்று தெருநாய்கள் பெருகின. நாய்க்கடியின் விலையை ஆடு வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் அவசரத்துக்கு எல்லை தாண்டி நகரியில் மருந்து வாங்குவோர், இது மத்திய அரசின் தடை, ஆந்திராவுக்கும் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயர் அது அல்ல, தனியாக எழுதியிருக்கும். அதைப் படிக்கச் சொல்லி வாங்கவும். ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் மாடு செத்துவிட்டால் வெளியே போடாமல் ஆறடி ஆழத்தில், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கவும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வடிந்தால் அடைப்பானாக இருக்கலாம். அப்போது தோலை உரிக்காமல், பிணத்தைத் தொடாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.