குறையுடலும் நிறைபணியும்

மாந்தர் வாழ்வில் நோய் வருதல் புதிதன்று. சில நோய்கள் சின்னாள் இருந்து நீங்கும். சில, நீங்கிய பின்னும் தம் சுவட்டை உடலில் விட்டுச் செல்லும். பக்கவாதம் இவற்றுள் பின்னதைச் சார்ந்தது. நேற்றுவரை ஓடியாடி உழைத்த ஒருவரை அஃது ஒரே இரவில் படுக்கையில் கிடத்திவிடும். கையும் காலும் இருந்தும் ஏவலைக் கேளாமல் கிடக்கும். 'இனி இவர் வாழ்வு இவ்வளவே' என்று சுற்றத்தார் எண்ணுவர். நோயுற்றவரும் நாளடைவில் அவ்வாறே எண்ணத் தலைப்படுவர். அவ்வெண்ணம் பிழையென்பதைத் தம் வாழ்வால் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு அறிவியல் அறிஞர் லூயி பாஸ்டர்.

நோய்க்கு முன்

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாகத் தோல் என்னும் ஊரில் பிறந்தார். வேதியியல் கற்றுப் பேராசிரியரானார். பால் புளிப்பதற்கும் திராட்சை மது கெடுவதற்கும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவிப் புகழ் பெற்றார்.

அந்நாளில் பிரான்சின் தென்பகுதி மக்கள் பட்டுத் தொழிலை நம்பி வாழ்ந்தனர். அங்குப் பட்டுப்புழுக்களைக் கொடிய நோயொன்று பற்றியது, கூட்டம் கூட்டமாகப் புழுக்கள் மடிந்தன, உழவர் வறுமையுற்றனர். 1865-ஆம் ஆண்டு அந்நோயை ஆராயும் பொறுப்புப் பாஸ்டரிடம் வந்தது. அதற்குமுன் அவர் பட்டுப்புழுவைக் கையால் தொட்டும் அறியார். எனினும் அப்பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில் அவருடைய தந்தையார் இறந்தார், இளமகளும் இறந்தாள். அடுத்த ஆண்டு மற்றொரு மகளையும் இழந்தார். மூத்த மகளோ 1859-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டாள். இத்துன்பங்களுக்கிடையிலும் அவர் ஆய்வை நிறுத்தினாரல்லர்.

நோயுற்ற நாள்

1868-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள் காலையில் பாஸ்டரின் இடப்பக்கம் முழுவதும் ஒருவகை மரமரப்புத் தோன்றியது. அதனைப் பெரிதாகக் கருதாது அவர் அறிவியற் கழகக் கூட்டத்திற்குச் சென்று கட்டுரையொன்றைப் படித்தார். இரவு படுக்கைக்குச் சென்றபின் நோய் முற்றியது. உதவிக்கு அழைக்க முயன்றார், நா எழவில்லை. சற்று நேரங்கழித்தே குரல் வந்தது. இடக்கையும் இடக்காலும் சிறிது சிறிதாகச் செயலிழந்தன. அப்போது அவருக்கு அகவை 45.

மருத்துவர்கள் அக்கால வழக்கப்படி அட்டைகளை விட்டுக் குருதியை உறிஞ்சச் செய்தனர். அவர் பிழைத்தல் அரிதென்றே பலரும் கருதினர். அவருக்கென எழும்பிக்கொண்டிருந்த புதிய ஆய்வுக்கூடத்தின் கட்டட வேலையும் நின்றுபோயிற்று. வேலை நின்றதை அறிந்த பாஸ்டர் பெரிதும் வருந்தினார். தாம் இறந்துவிடுவோம் எனப் பிறர் முடிவு செய்துவிட்டனர் என்பதே நோயினும் மிகுதியாக அவரைச் சுட்டது. செய்தி பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு எட்டியபின் கட்டட வேலை மீண்டும் தொடங்கியது.

உடல் வீழ்ந்தாலும் அறிவு தெளிவாகவே இருந்தது. நோயுற்று ஒரு கிழமை முடியுமுன், பட்டுப்புழு நோய் குறித்த புதிய கருத்தொன்றைப் படுக்கையில் கிடந்தபடியே அவர் தம் மாணவரிடம் சொல்ல, மாணவர் எழுதினார். அக்குறிப்பு அக்டோபர் 26-ஆம் நாள் அறிவியற் கழகத்தில் படிக்கப்பட்டது.

நோயின் இயல்பு

மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தையும், இடப்பாதி வலப்பக்கத்தையும் இயக்குகின்றன. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும், அக்குழாயால் ஊட்டம் பெறும் மூளைப்பகுதி அழியத் தொடங்கும். பாஸ்டருக்கு அவ்வாறு கேடுற்றது வலப்பாதியாகும்.

அழிந்த பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் அதனைச் சூழ்ந்துள்ள பகுதிகள் இழந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ள வல்லன. அக்கல்வி தானே நிகழாது. குழந்தை விழுந்து எழுந்து நடை பயில்வதுபோல, ஒரே அசைவைப் பன்முறை செய்து பழகவேண்டும். விரல்களை மடக்கி நீட்டுதல், குவளையைப் பற்றுதல், எழுந்து நிற்றல், ஓரடி வைத்தல் என்று படிப்படியாக ஏறவேண்டும். இக்காலத்தில் இதற்கெனப் பயின்ற இயன்முறை மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் உள்ளனர். அடைப்பினால் வந்த நோயாயின், நான்கரை மணி நேரத்திற்குள் தக்கவர்க்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தளித்தலும் இயலும். ஆகவே ஒருவருக்கு வாய் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை தளர்ந்து தாழ்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். பாஸ்டர் காலையில் புறக்கணித்த மரமரப்பு நமக்கு ஒரு பாடமாகும்.

மீண்டும் எழுதல்

மூன்று திங்கள் சென்றன. 1869-ஆம் ஆண்டு சனவரியில், இன்னும் நன்கு நடக்க இயலாத நிலையிலேயே, பாஸ்டர் தென்பகுதிக்குப் புறப்பட்டார். புகைவண்டியில் படுத்தபடியே சென்றார். சேண் இப்போலித் என்னும் சிற்றூரில் தங்கி, நாற்காலியில் அமர்ந்து ஆய்வை நடத்தினார். மாணவர்கள் அவருக்குக் கைகளாயினர். அவர் அவர்களுக்குக் கண்ணாயினார். துணைவியார் மரி அம்மையார் அவர் சொல்லச் சொல்ல எழுதினார். புழு வளர்ப்பிலும் உதவினார்.

அவர் கண்ட முறை எளியது. ஒவ்வொரு பெண் அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடச் செய்தல் வேண்டும். பின்பு அப்பூச்சியை நீர்விட்டு அரைத்து நுண்ணோக்கியில் பார்த்தல் வேண்டும். நோய்க்குரிய நுண்துகள் காணப்படின் அதன் முட்டைகளை எரித்துவிடவேண்டும். காணப்படாவிடின் அவற்றை வளர்க்கலாம். பட்டு முட்டை உற்பத்தி செய்வோர் தாய்ப்பூச்சியைச் சோதிக்கும் இவ்வழக்கத்தை இன்றும் கைக்கொள்கின்றனர்.

அவ்வாண்டின் இறுதியில் பாஸ்டர், திரியெஸ்ட் நகருக்கு அருகில் பேரரசர் குடும்பத்திற்குரிய பண்ணையொன்றுக்குச் சென்று தங்கினார். பலவாண்டுகளாகப் பட்டினால் ஊதியம் காணாதிருந்த அப்பண்ணையில், அவர் தேர்ந்தளித்த முட்டைகளால் நல்ல விளைவு கிடைத்தது. பட்டுப்புழு நோய்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1870-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இதனால் அவர் முற்றும் நலமடைந்தார் என்று கொள்ளலாகாது. நடக்கும் ஆற்றல் திரும்பிற்று. ஆயினும் இடக்காலை இழுத்தே நடந்தார். இடக்கையின் விறைப்பு இறுதிவரை நீங்கவில்லை. இழந்ததெல்லாம் திரும்பிய பின்னரே பணி தொடங்குவேன் என்று காத்திருந்தாராயின், அவர் பணி என்றுமே தொடங்கியிராது. எஞ்சியதைக் கொண்டு தொடங்கினார். இயலாததைப் பிறர் கையால் செய்வித்தார். அவ்வாறு உதவி பெறுவதை இழிவாகவும் கருதினாரல்லர்.

நோய்க்குப் பின்

பாஸ்டரின் பெயரை உலகெங்கும் நிலைநாட்டிய செயல்களுட் பல, பக்கவாதத்திற்குப் பின் நிகழ்ந்தவையே என்பது வியத்தற்குரியது. 1881-ஆம் ஆண்டு மேத் திங்களில், பூயீ-லெ-ஃபோர் என்னும் ஊரில் 24 ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பு மருந்தை ஏற்றுவித்தார். வேறு 24 ஆடுகளுக்கு ஏற்றவில்லை. பின்னர் எல்லாவற்றிற்கும் கொடிய நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2-ஆம் நாள் மக்கள் திரண்டு வந்து பார்த்தபோது மருந்து பெற்ற ஆடுகள் உயிரோடு நின்றன; பெறாதவற்றுட் பெரும்பாலன மடிந்து கிடந்தன.

1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் அவரிடம் அழைத்துவந்தாள். பாஸ்டர் மருத்துவர் அல்லர். ஆதலின் அவர் ஆக்கிய மருந்தைக் கிராஞ்சே என்னும் மருத்துவர் ஊசியால் ஏற்றினார். பதின்மூன்று முறை மருந்து பெற்ற சிறுவன் பிழைத்தான். 1888-ஆம் ஆண்டு பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் நாட்டில் நீலகிரிக் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நாம் கொள்ளத்தக்கது

பக்கவாதமுற்ற அனைவரும் பாஸ்டரைப் போல் உலகப் புகழ் எய்துதல் இயலாது, எய்தவேண்டுவதும் இல்லை. தம் கையால் ஒரு கவளம் எடுத்து உண்பதும், தெருவாயில்வரை நடந்து வருவதும் அவர்க்குப் பெருவெற்றிகளே. இல்லத்தில் பாட்டனாரோ அத்தையோ இந்நோயுற்றிருப்பின், அவர் செய்யக்கூடியதை நாமே முந்திச் செய்துவிடுதல் அன்பாகாது. அவர் சட்டைப் பொத்தானை இடத் தடுமாறும்போது பொறுத்திருத்தலும், சொல் தேடும்போது இடைமறியாது கேட்டலும், வீட்டுக் காரியங்களில் அவர் கருத்தை வினவுதலுமே அன்பாகும். 'இவர் கட்டடம் முடிந்தது' என்று நாம் வேலையை நிறுத்திவிடலாகாது.

திருவள்ளுவர் 'ஆள்வினை உடைமை' என்னும் அதிகாரத்தை அடுத்து 'இடுக்கண் அழியாமை' என்பதனை வைத்தார். முயல்வார்க்கும் இடுக்கண் வரும். அப்போது நெஞ்சம் அழியாதிருத்தல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

1892-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், பாஸ்டரின் எழுபதாம் பிறந்தநாள் விழாப் பாரிசில் நிகழ்ந்தது. குடியரசுத் தலைவர் கார்னோவின் கையைப் பற்றியவாறு அவர் மெல்ல நடந்து மண்டபத்துட் புகுந்தார். குழுமியிருந்த அறிஞர் அனைவரும் எழுந்து நின்று வாழ்த்தினர். அவர் உரையை அவருக்காக அவர் மகனார் படித்தார். துணைக்கு ஒரு கை, பேச ஒரு குரல். ஆயினும் அந்நாளின் பெருமை அம்முதியவர்க்கே உரியதாயிற்று.