காய் பறிக்க ஆள் உண்டா? விதைக்கும் முன் கணக்கிடுக!

விருத்தாசலம் வட்டாரத்தின் செம்மண் கொல்லைகளில் நிலக்கடலையும் முந்திரியும் முக்கியப் பயிர்கள். விதை, உரம், மழை ஆகியவற்றைக் கணக்குப் பார்க்கும் சிறு விவசாயிகள், ஆள் கணக்கையும் பார்ப்பது அவசியமாகிவிட்டது.

ஆட்கள் போவது எங்கே?

இடம் பெயர்வோரில் பெரும்பாலோர் குறைந்த தூரமே செல்கின்றனர் என்று ராவன்ஸ்டீன் என்ற அறிஞர் 1885-லேயே எழுதினார். இந்த வட்டாரத்திலும் அதைக் காணலாம். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. சுரங்கத்துக்காகப் பல கிராமத்தார் நிலத்தை விட்டுப் போயினர். வேலை தேடி வெளியூரார் வந்து குடியேறினர். நெய்வேலிக் களிமண்ணைக் கொண்டு விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. பீங்கான் சூளை வேலைக்குப் போகிறவர் மாலையில் வீடு திரும்பலாம். சென்னைக்கும் திருப்பூருக்கும் போனவர் பறிப்புக்கு வருவது அரிது.

எண்ணிக்கை சொல்வது என்ன?

மக்கள் தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்வோர் 2001-ல் சுமார் 51 லட்சம். 2011-ல் சுமார் 42 லட்சம். அதே காலத்தில் விவசாயக் கூலியாட்கள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினர். ஆகவே தொகையை மட்டும் பார்த்துப் பயனில்லை. வேண்டிய வாரத்தில் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதே கேள்வி.

தாமதத்தால் நஷ்டம்

கொத்து ரக நிலக்கடலை விதைக்கு உறக்க காலம் இல்லை. முற்றிய பின் மழை பெய்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். மண் இறுகினாலோ காம்பு அறுந்து காய் தங்கிவிடும். முந்திரிக்கு இந்த அவசரம் இல்லை. உதிரும் கொட்டைகளை வீட்டாரே பல நாட்களில் பொறுக்கலாம். ஆனால் கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. வீட்டில் எத்தனை பேர், எந்த மாதம் வெளியூரில் இருப்பர் என்று விதைக்கும் முன் குறித்துக் கொள்ளவும்.

2. பக்கத்துக் கொல்லைக்காரர்களுடன் பேசி, சில நாட்கள் இடைவெளி விட்டு விதைத்தால், ஒருவர் பறிப்புக்கு மற்றவர் உதவலாம்.

3. செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்கவும். பெரும்பாலான காய்களின் ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தால் உடனே பறிக்கவும்.

4. பறிக்கும் கருவி தேவையெனில், பலர் சேர்ந்து முன்கூட்டியே வாடகை பேசிக் கொள்வது நல்லது.

நிலத்துக்கேற்ற ரகம் பற்றி விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.