இல்லறத்தாரும் கால்நடை வாணிகமும்: ஏலத்தில் வாங்கி மேய்த்து விற்றல் பற்றிய ஓர் ஆய்வு



உழவையே தொழிலாகக் கொண்ட நம் குடும்பங்களில் மாடில்லாத வீடு முன்பு அரிது. இன்று தொழுவம் வெறுமையாய்க் கிடக்கும் வீடுகளிலிருந்தே ஒரு வினா எழுகின்றது. இளம் மாடுகளை ஏலத்தில் மலிவாக எடுத்து, தரிசில் மேய்த்துத் தேற்றி, ஓராண்டில் விற்றால் நல்ல இலாபம் என்கிறார்கள். சிராவகர் இதனைச் செய்யலாமா? கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்டு இதனை ஆராய்வோம். அறநூலை மட்டும் நோக்கி விடை கூறிவிடுதல் எளிது. நாம் முதலில் கணக்கைப் பார்ப்போம்.

நம் நாட்டில் மாடு பெரும்பாலும் சந்தையில் தரகர் வழியாகவே கைமாறுகிறது. துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நம் முதியோர் அறிவர். வாய்விட்டுக் கூறும் ஏலம் வேறு வகை. கால்நடை பராமரிப்புத் துறையின் பண்ணைகள் கழித்த மாடுகளையும் மிகுதியான கன்றுகளையும் பொது ஏலத்தில் விடுவதுண்டு. மற்றொன்று பட்டி ஏலம். பயிரில் புகுந்த மாட்டைப் பட்டியில் அடைத்த பின் 7 நாட்களில் உரியவர் வாராராயின் காவல் நிலையத்திற்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டிப் பறையறைவித்து மேலும் 7 நாட்கள் கழிந்தால் பொது ஏலம் விடலாம் என்பது 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். பட்டிக் காவலரும் காவல் துறையினரும் அந்த ஏலத்தில் நேராகவோ மறைவாகவோ மாடு வாங்கலாகாது என்றும் அச்சட்டமே தடுத்துள்ளது. சட்டம் இயற்றியவர்கள் மனித இயல்பை நன்கு அறிந்திருந்தனர்! இன்று பல ஊர்களில் பட்டிச் சுவர்களே இடிந்து கிடக்கின்றன.

ஏலத்தில் எடுத்த மாட்டைத் திருப்பிக் கொடுக்க இயலாது. ஆகவே பல்லைப் பார்த்தல் முதற்கடன். நிலைப்பற்களில் முதல் இணை ஏறத்தாழ 2 முதல் 2½ வயதில் முளைக்கும். நான்கு இணையும் நிரம்பிக் கடை சேர்ந்தால் 4 வயதைக் கடந்தது எனக் கொள்ளலாம். சுழி பார்த்து நேரத்தைப் போக்குவோர், கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் குளம்பிடுக்கில் புண்ணும் உள்ளனவா என்று பார்ப்பதில்லை. சந்தைக்கு முதல்நாள் பால் கறவாது மடியைப் புடைக்கவிடுதலும், உப்பு நீரைப் புகட்டி வயிற்றை நிரப்புதலும் விற்பனை உத்திகளாக நடக்கின்றன. ஒன்றில் உயிருக்கு நோவு. மற்றொன்றில் நோவுடன் வஞ்சனையும் சேர்கிறது.

இனி மேய்ச்சலைப் பார்ப்போம். குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே பெருமாள் ஏரிப் பக்கம் நெல்வயல்கள். மேற்கே வடலூர், நெய்வேலித் திசையில் செம்மண் மேடும் முந்திரித் தோப்புகளும். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் தாளடிகள் திறக்கும்போது மேய்ச்சல் உண்டு. சித்திரைக்குப் பின் புல் காய்ந்துவிடும். முந்திரி நிழலில் புல் அடர்ந்து வளர்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலமே நீராகும். 2015-ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தை இப்பகுதியினர் மறந்திரார். ஆகவே ஆண்டு முழுவதும் மேய்ச்சலில் வளரும் என்பது இவ்வட்டாரத்திற்குப் பொருந்தாது. 200 கிலோ எடையுள்ள மாட்டிற்கு நாளொன்றுக்கு உலர்நிலையில் 5 கிலோ அளவு தீவனம் வேண்டும். பசும்புல்லாயின் 25 கிலோ. வைக்கோலில் புரதம் மிகக் குறைவு; அது வயிற்றை நிரப்புமேயன்றி உடலைத் தேற்றாது.

ஒரு கணக்கு போடுவோம். தொகைகள் விளக்கத்திற்காகக் கொண்டவை. 10 காளைக் கன்றுகளைத் தலைக்கு ரூ. 15,000 வீதம் எடுத்தால் முதலீடு ரூ. 1,50,000. மேய்ப்பவர் கூலி திங்களுக்கு ரூ. 8,000, 10 திங்களுக்கு ரூ. 80,000. கூலியைச் சேர்த்தாலே ஒரு கன்றின் அடக்கவிலை ரூ. 23,000 ஆகிவிடுகிறது. மழைக்கால 90 நாட்களுக்கு நாளொன்றுக்கு 4 கிலோ வீதம் 10 கன்றுகளுக்கு வைக்கோல் 3,600 கிலோ வேண்டும். அதன் விலை தனி. கோமாரியில் ஒன்று இறப்பினும் முதலில் பத்தில் ஒரு பங்கு போயிற்று.

இவ்வளவும் செய்தபின் அக்காளைகளை வாங்குவோர் யார்? இதுவே நம் ஆய்வின் நடுப்பகுதி. ஏரும் வண்டியும் இருந்த காலத்தில் வளர்ந்த காளையை வாங்க உழவர் காத்திருந்தார். இன்று உழுவது டிராக்டர். வெறும் மேய்ச்சலில் ஏறிய எடைக்கு விலை தருபவர் பெரும்பாலும் இறைச்சிக்கு வாங்குபவர் ஒருவரே. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958 வேலைக்கும் இனப்பெருக்கத்திற்கும் உதவாத மாட்டிற்கே சான்று வழங்குகிறது என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. விற்ற மாடு எந்த லாரியில் ஏறி எங்கே இறங்கியது என்று எவரும் நமக்கு எழுதி அனுப்புவதில்லை. இலாபத்தின் கடைசி ரூபாய் எவர் கையிலிருந்து வருகிறதோ, அவர் செய்வதற்காகவே நாம் ஓராண்டு மேய்த்தோம் என்றாகிறது.

அறநூல்கள் கூறுவது யாது? கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உள: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உரைத்த இவற்றை அதனை அடியொற்றிய அருங்கலச்செப்பு தமிழில் தந்துள்ளது. ஐந்தும் வளர்ப்பு விலங்குக்கு இழைக்கப்படும் குற்றங்களாகவே இருத்தல் நோக்கத்தக்கது. ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்னும் 1978-ஆம் ஆண்டு விதி, நான்காம் அதிசாரத்தின் அண்டை வீட்டுப் பிள்ளை போல் தோன்றுகிறது. அநர்த்த தண்டத்துள் பாவோபதேசத்தை விளக்கும் தத்துவார்த்த சூத்திர உரைகள், இந்நாட்டுப் பசு, எருமைகளை வாங்கி வேறு நாட்டில் விற்றால் பெரும்பொருள் கிடைக்கும் என்று பிறருக்குச் சொல்லித் தூண்டுவதனைத் திரியக் வணிஜ்யம் எனப் பெயரிட்டுச் சுட்டுகின்றன. நேர்மையாகக் கூறின், அங்கே குற்றமாவது பயனின்றித் தூண்டும் பேச்சு. அவ்வொரு சொல்லைக்கொண்டு மாடு வளர்த்தலையே விலக்கிவிட முடியாது. சுவேதாம்பர ஆகமமாகிய உபாசகதசையில் வரும் ஆனந்தன் என்னும் இல்லறத்தான் 40,000 பசுக்களை உடையவன்; விரதம் ஏற்றபோது அவன் அத்தொகைக்கு மேல் பெருக்காதிருக்க எல்லை வகுத்தானேயன்றி மந்தையைத் துறக்கவில்லை.

ஆதலின் நம் கருத்து இதுவே. எடைக்கு விற்கும் காளைக் கன்று வாணிகத்தை நாம் மேற்கொள்ளலாகாது. கிடாரிகளை வாங்கி வளர்த்துச் சினைப்படுத்தி, ஊரறிந்த பால் உழவருக்குக் கொடுத்தல் வேறு. அங்கே மாட்டின் உயிரே வாங்குபவருக்கு முதல். ஆயினும் அதிலும் ஒரு முள் உண்டு: அக்கிடாரி ஈனும் காளைக் கன்று யாருடையது? கொடுக்கும்போதே இதனைப் பேசி, அக்கன்றைத் திரும்பப் பெறுவதாக ஒப்புக்கொள்பவரே இத்தொழிலில் இறங்கலாம். எருவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வளர்ந்த மாடு நாளொன்றுக்கு 10 கிலோவுக்குக் குறையாது சாணமிடும். இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து டெல்டா வயல்களில் கிடை போட்டுக் கூலி பெறுதல் நாம் கண்டதே. திரும்பப் பெற்ற காளைகளும் பால் வற்றிய பசுக்களும் இவ்வகையில் தம் தீவனத்தில் ஒரு பகுதியையேனும் ஈட்டும், முழுவதும் ஈட்டா. மீதியை வீட்டுச் செலவில் எழுத இயலாதவர் எண்ணிக்கையைக் குறைத்துக் கொள்க.

வாங்குவது தை மாதத்தில் ஆகுக. அதற்கு முன்பே வைக்கோற்போர் எழுந்திருக்க வேண்டும். கோமாரித் தடுப்பூசி போட்ட சான்றைக் கேட்டு வாங்குக. புதிய மாட்டைப் பழைய மாடுகளோடு சேர்க்காது மூன்று வாரம் தனியே கட்டி வைத்து, அதற்கெனத் தனித் தொட்டியில் நீர் காட்டுக. கட்டும் கயிறு அது படுத்தெழுந்து திரும்பும் அளவு நீளமாக இருக்கட்டும்.